வெள்ளைப்படுதலும் அரிப்பும்: பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு எந்த மருந்து, யாருக்கு, எத்தனை நாள்?

ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். கவுன்டரில் ஒரு பெண் நிற்கிறாள் என்பதற்காகவே பெருந்துறை, ஊத்துக்குளி, விஜயமங்கலம் பக்கமிருந்து பெண்கள் தேடி வருவார்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் என எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான். கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஆள் கடைக்கு வந்துவிட்டால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிப் பாதியில் நின்ற பதில்களைத்தான் இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மகளிர் மருத்துவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் சிகிச்சை முறைகளையே சொல்லியிருக்கிறேன்.

இது என்ன நோயுங்க? எங்கிருந்து வருது?

கேண்டிடா என்ற ஒரு பூஞ்சைதான் காரணம். பெரும்பாலும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற வகை. இது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. தொந்தரவே இல்லாத பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரின் பிறப்புறுப்பில் இந்தப் பூஞ்சை சும்மா இருக்கும். அங்கேயே இருக்கும் நல்ல கிருமிகள் அதைப் பெருகவிடாமல் வைத்திருக்கும். சளிக்கோ பல்வலிக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், சர்க்கரை ஏறினால், கர்ப்பமானால், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து பூஞ்சை பெருகிவிடும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிப் போகுதுன்னு எங்க அம்மிச்சி சொல்றாங்க. நிஜமா?

இல்லைங்க. எலும்பிலிருந்து எதுவும் உருகி அந்த வழியாக வருவதில்லை. இந்தப் பயத்தினாலேயே டானிக்கும் சத்து மாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அரிப்புக்கு வைத்தியம் பார்க்காமல் மாசக்கணக்கில் பெண் பிள்ளைகளைக் காக்க வைக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. பெரியவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு. மாதவிலக்குக்கு நடுவில், கருமுட்டை வெளியாகும் நாட்களில் முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று இருக்கும். மாதவிலக்குக்கு முன்னால் சற்றுக் கெட்டியாகும். கர்ப்பத்தில் கூடுதலாகப் படும். அரிப்பு, எரிச்சல், நாற்றம், நிற மாற்றம் எதுவும் இல்லையென்றால் அதற்கு மருந்தே வேண்டாம்.

சரி, எனக்கு இருப்பது பூஞ்சைதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மருந்து சுலபமானது. தப்பு நடப்பது நோயைக் கண்டுபிடிக்கிற இடத்தில்தான்.

பூஞ்சையின் முதல் அடையாளம் அரிப்பு. தூக்கத்தைக் கெடுக்கிற அளவு இருக்கும். பிறப்புறுப்பின் வெளி உதடுகள் சிவந்து, வீங்கி, சில பேருக்கு மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். சிறுநீர் அந்தப் புண் மேல் படும்போது சுரீர் என்று எரியும். உறவின்போது வலிக்கும். வெள்ளை கெட்டியாக, தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக வரும். ஆனால் பெரிதாக நாற்றம் இருக்காது. இந்த நாற்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் கவிச்சி போல நாற்றம், சாம்பல் நிறத்தில் தண்ணியாக வெள்ளை, அரிப்பு அதிகமில்லை என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியல் வெஜினோசிஸ். அதற்கு மெட்ரோனிடசோல் போன்ற மருந்து வேண்டும். பூஞ்சை மருந்து ஒன்றும் செய்யாது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரையோடு, நாற்றத்தோடு வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறவின் மூலம் பரவுவது. கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தே ஆக வேண்டும். உள்ளேயே எரிந்து, அடிக்கடி ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

‘எனக்குத் தெரியும், பூஞ்சைதான்’ என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய பெண்களை அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் பூஞ்சை மட்டும் இருந்தது. ஆகையால் முதல் தடவை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு டாக்டர் பார்த்து உறுதி செய்தது, இப்போதும் அச்சு அசலாக அதே தொந்தரவு, கர்ப்பம் இல்லை, சர்க்கரை இல்லை என்றால் அதே மருந்தை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

டாக்டரிடம் போனால் என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க? வலிக்குமா?

உள்ளே பார்ப்பதற்கு ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வெள்ளையைத் துடைத்து எடுப்பார்கள். புண் இருந்தால் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். அமிலத்தன்மையைக் காகிதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். பூஞ்சையில் பி.எச். 4.5-க்குக் கீழே இயல்பாகவே இருக்கும். பாக்டீரியல் வெஜினோசிஸிலும் ட்ரைக்கோமோனாஸிலும் மேலே போகும். எடுத்ததில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். அடிக்கடி வருகிறவர்களுக்கு கல்ச்சர் அனுப்புவார்கள், அதாவது எடுத்ததை லேபில் வளர்த்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள்.

கல்யாணமாகாத பெண்களுக்குக் கருவி வைக்க மாட்டார்கள். வெளியே பார்த்து, மெல்லிய குச்சியில் தொட்டு எடுப்பதோடு சரி.

சிகிச்சைக்கு என்னென்ன மருந்து இருக்குங்க?

சாதாரணமாக வருகிற தொற்றுக்கு இரண்டு வழி. உள்ளே வைக்கிற மருந்து ஒன்று, வாயில் போடுகிற மாத்திரை ஒன்று.

உள்ளே வைப்பதில் நம் ஊரில் அதிகம் கொடுப்பது க்ளோட்ரிமசோல். 100 மி.கி. மாத்திரை என்றால் தினம் ஒன்றாக ஆறேழு இரவு. 200 மி.கி. என்றால் மூன்று இரவு. 500 மி.கி. என்றால் ஒரே இரவு. க்ரீமாகவும் ஜெல்லாகவும் வருகிறது. 1 சதவீத க்ரீம் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை. மைக்கோனசோலும் இதே வகைதான். வெளியே அரிப்பு அதிகம் என்றால் 1 சதவீத க்ளோட்ரிமசோல் க்ரீமை வெளியிலும் தினம் இரண்டு மூன்று தடவை மெல்லியதாகத் தடவலாம்.

வாயில் போடுவது ஃப்ளுகோனசோல் 150 மி.கி., ஒரே ஒரு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ எப்போது வேண்டுமானாலும் போடலாம். ‘ஒரு மாத்திரையா, போதுமா?’ என்று சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அந்த ஒரு மாத்திரை உள்ளே மூன்று நாளைக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த நாளே சரியாகவில்லை என்று இன்னொன்றைப் போட வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் அரிப்பு குறைய ஆரம்பிக்கும். முழுசாக ஆற ஒரு வாரம்கூட ஆகலாம்.

வீக்கமும் வெடிப்பும் கடுமையாக இருந்தால் இந்தக் குறுகிய கணக்கு போதாது. அப்போது ஃப்ளுகோனசோலை மூன்று நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை கொடுப்பார்கள், அல்லது உள்ளே வைக்கிற மருந்தை ஒன்று முதல் இரண்டு வாரம் நீட்டுவார்கள்.

மாத்திரை மேலா, உள்ளே வைக்கிறது மேலா?

குணமாவதில் இரண்டும் சமம். முறைப்படி முடித்தவர்களில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பேருக்குச் சரியாகிவிடுகிறது. வாயில் போடுவது வசதி. சில பேருக்கு வயிற்றுப் பிரட்டல், தலைவலி வரும். உள்ளே வைப்பது உடம்பு முழுக்கப் போகாது, வேறு மாத்திரைகளோடு பெரிதாக மோதாது. ஆனால் முதல் ஒன்றிரண்டு நாள் எரியலாம். கம்பெனி ஹாஸ்டலில் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு இருக்கிற பெண்ணுக்கு ஆறு இரவு மருந்து வைக்க இடம் எங்கே இருக்கிறது? அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்லிக் கேளுங்கள். தனிமை கிடைக்காது என்பதும் மருந்தைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம்தான்.

உள்ளே வைக்கிற மாத்திரையை எப்படி வைக்கறதுன்னு யாரும் சொல்லித் தரலைங்க.

இதைச் சொல்லிக் கொடுக்காமல் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவது மருந்து கொடுப்பவர்களின் குறை. இந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ‘கேக்கலைங்க’ என்றவர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரி எல்லா வேலையும் முடிந்து படுக்கப் போகும்போது வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்டியில் ப்ளாஸ்டிக் குழல் இருந்தால் அதன் வாயில் மாத்திரையைச் செருகுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, குழலைச் சிரமமில்லாமல் போகிற வரைக்கும் மட்டும் உள்ளே விட்டு, பின்னால் இருக்கும் தண்டை அழுத்துங்கள். மாத்திரை உள்ளே நின்றுவிடும். குழலை எடுத்துவிட்டு அப்படியே தூங்கிவிடுங்கள். குழல் இல்லையென்றால் சுத்தமான விரலாலேயே வைக்கலாம். மாத்திரை உலர்ந்து சொரசொரப்பாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம்.

காலையில் வெள்ளையாக மாவு மாதிரி கொஞ்சம் வெளியே வரும். மருந்து வீணாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், கரைந்தது போக மீதி அது. ஒரு மெல்லிய பேட் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வைக்கிற நாட்களில் உறவு வேண்டாம். மருந்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடுவில் பீரியட்ஸ் வந்துட்டா?

உள்ளே வைப்பதை அது முடியும் வரை தள்ளிப் போடலாம், ரத்தத்தோடு மருந்து வெளியே போய்விடும். தொந்தரவு தாங்க முடியவில்லை என்றால் வாயில் போடும் மாத்திரைக்கு டாக்டரிடம் கேளுங்கள்.

மாசமா இருக்கேன். என்ன போடலாம்?

கர்ப்பத்தில் ஃப்ளுகோனசோல் மாத்திரை போடக்கூடாது. கருச்சிதைவு அபாயம் கூடலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே வைக்கிற க்ளோட்ரிமசோல் போன்றவைதான், அதுவும் ஒரே நாள் கணக்கு இல்லாமல் ஏழு நாள். குழலை ஆழமாக விட வேண்டாம். விரலால் வைப்பது நல்லது. மாதா மாதம் செக்கப் போகிற இடத்திலேயே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். இந்தப் பூஞ்சையால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பத்தில் படுகிற வெள்ளையைப் பார்க்காமல் விடக்கூடாது. தண்ணியாக ஒழுகினால் பனிக்குடம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

கல்யாணமாகி, மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிற பெண் ஃப்ளுகோனசோல் கேட்டால் முதலில் கர்ப்பமா என்று டெஸ்ட் பண்ணிவிட்டு வரச் சொல்லுவேன்.

பால் கொடுக்கிறேன்...

ஃப்ளுகோனசோல் தாய்ப்பாலில் கொஞ்சம் போகும். ஆனால் ஒரு தடவை 150 மி.கி. எடுப்பதால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. உள்ளே வைக்கிற மருந்திலும் பயமில்லை. எதுவானாலும் பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கல்யாணமாகாத பிள்ளைக்கு இது வருமா? வந்தா வெளியே என்ன நினைப்பாங்க?

வரும். சடங்கு முடிந்த எந்தப் பெண்ணுக்கும் வரலாம். ஆண் துணையே இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலே வந்துவிடலாம். மகள் வந்து ‘அம்மா, அரிக்குது’ என்று சொன்னால் முதல் கேள்வியே சந்தேகக் கேள்வியாக இருக்கக்கூடாது. அப்படி ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அவள் சொல்லவே மாட்டாள். இவர்களுக்குப் பெரும்பாலும் வாயில் போடும் மாத்திரையும் வெளியே தடவுகிற க்ரீமுமே போதும்.

வயதுக்கு வராத சிறுமி என்றால் கதை வேறு. அந்த வயதில் பூஞ்சை அபூர்வம். நூல் புழு, சோப்பு ஒவ்வாமை, உள்ளே ஏதாவது சின்னப் பொருள் மாட்டியிருப்பது, சில சமயம் யாராவது தப்பாக நடந்துகொண்டது எனக் காரணங்கள் வேறு. கடையில் மருந்து வாங்காமல் நேராக டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது பூஞ்சைக்குத் தீனி கிடைக்கிறது, எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. சர்க்கரை இருப்பதே தெரியாமல், ‘அரிப்பு நிக்கவே மாட்டேங்குது’ என்று வந்து, டெஸ்ட் எடுத்துப் பார்த்தபோது முந்நூறைத் தாண்டியிருந்ததும் உண்டு. அதனால் நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வந்தாலோ, எந்த வயதிலும் அடிக்கடி வந்தாலோ சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தால் இன்னும் தெளிவு.

சர்க்கரைக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலேயே ஒரு வகை இதைக் கொண்டுவரும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல ‘-க்ளிஃப்ளோசின்’ என்று முடிகிறவை. இவை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்தச் சர்க்கரைத் தண்ணீர் பட்டுப் பட்டு அங்கே பூஞ்சை வளர்கிறது. 2020-இல் டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு நம் பக்கம் இதை எழுதுவது மிகவும் கூடிவிட்டது. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆரம்பிக்கும்போதே ‘ஒன்றுக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் ஒற்றிவிடுங்கம்மா’ என்று யாராவது சொல்ல வேண்டும். அரிப்பு வந்துவிட்டது என்று நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். எழுதிய டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். தொடர்வதா மாற்றுவதா என்று அவர் முடிவெடுக்கட்டும். ஆண்களுக்கும் இதே மாத்திரையால் ஆணுறுப்பு முனையில் அரிப்பு வரும்.

வேற மாத்திரை சாப்பிடுறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஃப்ளுகோனசோல் சில மருந்துகளோடு மோதும். சர்க்கரைக்குப் போடும் க்ளிமிபிரைடு, க்ளிபென்க்ளமைடு வகைகளின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கொழுப்பு மாத்திரைகளில் சில, இதயத் துடிப்பு மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. கல்லீரல் கோளாறு இருந்தாலும் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

படைக்குப் போடுற ஆயின்ட்மென்ட் வீட்டில் இருக்கு. அதையே தடவலாமுங்களா?

வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன்.

கையில் ஒரு ட்யூப் கொண்டுவந்து ‘இதே மாதிரி கொடுங்க’ என்பார்கள். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்து, ட்யூப் தகடாகியிருக்கும். சின்ன எழுத்தைப் படித்தால் பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, க்ளோபெட்டசால் அல்லது பெக்லோமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு. தடவியதும் அரிப்பு மாயமாக நின்றுவிடும், காரணம் அந்த ஸ்டீராய்டு. பூஞ்சையைக் கொல்வதில்லை, தோலின் எதிர்ப்பை அடக்கிவைக்கிறது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். மறுபடி தடவ, மறுபடி நிற்க என்று மாசக்கணக்கில் ஓடும். அந்த இடத்துத் தோல் மெலிசு. மேலும் மெலிந்து, சிவந்து, தொட்டாலே எரிகிற நிலைக்குப் போகும். தொடை இடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழும், அது போகாது.

வாங்கும்போது ட்யூபில் க்ளோட்ரிமசோல் என்ற ஒரு பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ‘-சோன்’, ‘-சால்’ என்று வேறு பெயர்களும் சேர்ந்திருந்தால் கடைக்காரரிடம் ‘இதில் ஸ்டீராய்டு இருக்கா?’ என்று நேராகக் கேளுங்கள்.

கடையில் நாலு மாத்திரை கிட் ஒன்று கொடுக்கிறார்களே?

அஸித்ரோமைசின், செக்னிடசோல், ஃப்ளுகோனசோல் சேர்ந்த கிட் அது. டெஸ்ட் வசதி இல்லாத இடத்தில், பல தொற்றுகள் கலந்திருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டால் கொடுப்பதற்கு. பால்வினைத் தொற்றுகளைப் பார்க்கும் அரசு சுகவாழ்வு மையங்களில் வெள்ளைப்படுதலுக்குத் தரும் பச்சை நிறக் கிட்டில் செக்னிடசோலும் ஃப்ளுகோனசோலும் இருக்கும். அது உங்களைப் பார்த்து, கேட்டு, தருவது. பூஞ்சை மட்டும்தான் என்று தெரிந்தவருக்கு இந்த ஆன்டிபயாடிக்குகள் தேவையில்லை. நல்ல கிருமிகளையும் கொன்று, அடுத்த பூஞ்சைக்கு அதுவே வழி பண்ணிவிடலாம்.

எனக்கு மாசம் தவறாம வருதுங்க. என்னதான் பண்றது?

ஒரு வருடத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று தனியாக வைத்துப் பார்ப்பார்கள். இதில் ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரை போட்டு ஓட்டுவது சரிவராது. முதலில் கல்ச்சர் எடுத்து இது பூஞ்சைதானா, எந்த வகை என்று பார்க்க வேண்டும். சர்க்கரை பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுக்கச் சொல்வார்கள். கேட்டதும் கலங்க வேண்டாம். அடிக்கடி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாக எடுக்கலாம்.

ஆல்பிகன்ஸ் வகைதான் என்றால் சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் ஃப்ளுகோனசோல் 150 மி.கி. முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என மூன்று தடவை. அல்லது ஒன்றிரண்டு வாரம் உள்ளே வைக்கிற மருந்து. அது ஆறியதும் வாரம் ஒரு மாத்திரையாக ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தில் அநேகம் பேருக்கு நிம்மதி கிடைக்கும். நிறுத்திய பிறகு கணிசமானவர்களுக்குத் திரும்ப வருவதும் உண்டு, மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஆறு மாதமும் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே வைக்கும் மருந்தாக மாற்றிக் கொடுப்பார்கள்.

கல்ச்சரில் கேண்டிடா க்ளாப்ராட்டா போன்ற வேறு வகை வந்தால் ஃப்ளுகோனசோல் சரியாகக் கேட்காது. அதற்கு போரிக் ஆசிட் 600 மி.கி. கேப்சூலைத் தினம் ஒன்றாக மூன்று வாரம் உள்ளே வைக்கச் சொல்வார்கள். நிஸ்டாட்டின் இன்னொரு வழி. போரிக் ஆசிட் வாயில் போனால் விஷம். கர்ப்பத்தில் கூடவே கூடாது. கேரம் போர்டுக்குப் போடும் பவுடரும் போரிக்தானே என்று அதை எடுத்து வீட்டிலேயே முயற்சி செய்யாதீர்கள். டாக்டர் எழுதி, அளவாக நிரப்பிய கேப்சூலை மட்டும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துப் பயன்படுத்துங்கள்.

அமெரிக்காவில் 2021-இலும் 2022-இலும் இதற்கென இரண்டு புது மாத்திரைகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்போதைக்குக் கைகொடுப்பது மேலே சொன்ன பழைய மருந்துகள்தான்.

வீட்டுக்காரருக்கும் மருந்து தரணுமா?

அவருக்குத் தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம். இது பால்வினை நோய் வகையில் சேராது. அவருக்கு முனையில் சிவப்பும் அரிப்பும் இருந்தால் அவருக்குக் க்ளோட்ரிமசோல் க்ரீம் போதும், சர்க்கரையும் பார்க்கட்டும்.

மஞ்சள், தயிர், வேப்பிலை, தேங்காய் எண்ணெய்... இதெல்லாம்?

ஈரோட்டு மஞ்சள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. மஞ்சளில் பூஞ்சையை எதிர்க்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் நடப்பது உடம்புக்குள் அப்படியே நடப்பதில்லை. மஞ்சள் தூளை உள்ளே வைத்தால் ஏற்கெனவே புண்ணான இடம் இன்னும் எரியும். தயிரைச் சாப்பிடுங்கள், நல்லது. உள்ளே வைத்தால் குணமாகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. படிகாரத் தண்ணீர், வினிகர், டெட்டால், பூண்டு இவை எதுவும் அங்கே படக்கூடாது. பூண்டு தோலைச் சுட்டுவிடும். வேப்பிலைத் தண்ணீரில் வெளியே கழுவுவதால் பெரிய கெடுதல் இல்லை, குணமும் இல்லை. வெளித்தோல் வறண்டு எரிந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெயை வெளியே மட்டும் மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம். வாசனை போட்ட ‘லேடீஸ் வாஷ்’களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், வெறும் தண்ணீரே போதும், உள்ளே தண்ணீர் பீச்சிக் கழுவவும் வேண்டாம்.

கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. அதனால்தான் வருதா?

உட்காருவதால் மட்டும் வருவதில்லை. ஆனால் வேர்வையும் ஈரமும் அரிப்பைக் கூட்டும். உலகத்துக்கே காட்டன் உள்ளாடை தைத்து அனுப்புகிற திருப்பூரில், தைக்கிற பெண்கள் நைலான் உள்ளாடையும் இறுக்கமான லெக்கின்ஸும் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் மிஷினில் உட்காருகிறார்கள். காட்டனுக்கு மாறுங்கள், வேர்த்தால் மதியம் ஒரு தடவை மாற்றுங்கள், வெயிலில் காயப் போடுங்கள். வெட்கப்பட்டு உள்ளறையில் துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட உள்ளாடை சரியாகக் காய்வதே இல்லை. கம்பெனிப் பாத்ரூம் சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள் இல்லையா, அது பூஞ்சையைத் தடுக்காது; சிறுநீர்த் தொற்றைத்தான் கொண்டுவரும்.

மாதவிலக்கு நின்னு பத்து வருஷம் ஆச்சு. இப்ப அரிக்குது.

சர்க்கரை இல்லையென்றால் இந்த வயதில் பூஞ்சை குறைவு. ஹார்மோன் குறைந்து தோல் வறண்டு போவதாலும், வேறு தோல் நோய்களாலும் அரிக்கலாம். பூஞ்சை மருந்தை வாங்கிப் போட்டு நாளைக் கடத்த வேண்டாம். வெள்ளைத் திட்டோ புண்ணோ தெரிந்தாலும், ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள்.

எப்போ தாமதிக்கவே கூடாது? எங்கே போகணும்?

காய்ச்சல், அடிவயிற்று வலி, குளிர் நடுக்கம், கொப்புளம் அல்லது புண், ரத்தம், கெட்ட நாற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்கக் கூடாது. மருந்து முடித்து ஒரு வாரம் ஆகியும் குறையவில்லை, இரண்டு மாதத்துக்குள் திரும்ப வந்துவிட்டது என்றாலும் காட்ட வேண்டும்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆரம்பிக்கலாம். ஊருக்கு வரும் கிராம சுகாதார நர்ஸிடம் தனியாகச் சொன்னால் எந்த நாளில் பெண் டாக்டர் இருப்பார் என்று சொல்லிவிடுவார். கல்ச்சர் வரை தேவைப்பட்டால் கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு, மகளிர் பிரிவு இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனி என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே காட்டலாம், செலவில்லை. போகிற வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

டாக்டர் முன்னால் வாய் வரவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாளாக, அரிப்பா நாற்றமா, கடைசி மாதவிலக்கு தேதி, சர்க்கரை உண்டா, என்ன மருந்து ஏற்கெனவே போட்டீர்கள். அந்தச் சீட்டை மேஜை மேல் வைத்தால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். போவதற்கு முந்தின ராத்திரி உள்ளே எந்த மருந்தும் வைக்காதீர்கள், வைத்தால் டெஸ்ட்டில் சரியாகத் தெரியாது.